ஸ்டெனட் வீட்டு மாடியறையில் இருந்தவர்கள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு மாடியறையில் இருந்தவர்கள்:

ஜான் ஸ்டெனட், பண்ணைக்காரர், வயது அறுபத்தொன்பது. இறந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.
அவர் மனைவி அகஸ்டா ஸ்டெனட்.
டாக்டர் லாம்.
பாதிரியார் பெல்.
கெஸையா டவுஸ், மருத்துவச்சி.
ஹெஸ்டர் பிளான்ட், வேலைக்காரி. அது நான்.

மொத்தம் ஆறு பேர். விசாரணையில் இது இரண்டாகக் குறைந்தது. பிணமும் கெஸையாவும் மட்டும் இருந்ததாக எழுதிக்கொண்டார்கள். அதனால்தான் முழுப் பட்டியலை முதலிலேயே எழுதிவிட்டேன்.

எங்கள் ஊர் கெல்தார்ப்பில் முப்பது வருஷமாகப் பிறப்புக்கும் இறப்புக்கும் கெஸையாவைத்தான் கூப்பிடுவார்கள். குழந்தையை வாங்குகிற கையே பிணத்தையும் கழுவும். அதில் யாருக்கும் அருவருப்பு கிடையாது. பிறகு மருத்துவச்சிகளுக்கென்று லண்டனில் சட்டம் போட்டார்கள். பரீட்சை எழுதாத பழைய ஆட்களும் பெயர் பதிந்துகொள்ளலாம், நல்ல நடத்தை என்று பாதிரியார் கையெழுத்துப் போட்டால் போதும். பெல் போட்டார். கெஸையாவின் பெயர் ஏறியது. கூடவே ஒரு விதிப் புத்தகமும் வந்தது.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு ஓய்வு. அவள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து நான்தான் படித்துக் காட்டினேன். மூலையில் அவள் புருஷன் ஜேபெஸ் இருமிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். நெஞ்சு கெட்டு வேலையை விட்டு அப்போதே நாலு வருஷம் ஆகியிருந்தது அவனுக்கு.

“பிணத்தைக் கழுவிக் கிடத்துற வேலைய மருத்துவச்சி செய்யக் கூடாது, பிள்ள பெத்தவளுக்குக் காய்ச்சல் தொத்தும்” என்று படித்தேன்.

“மறுபடி படி.”

படித்தேன்.

“அப்போ செத்தவங்கள யாரு கழுவுறதாம்?”

“அது எழுதல.”

“எப்படி எழுதுவாங்க? அவங்க ஊருல யாரும் சாவுறதில்ல போல.”

“நான் செத்தா?” என்றான் ஜேபெஸ்.

“உன்னையக் குழிவெட்டி பொண்டாட்டி கையில குடுத்துருவேன். அவ கூட ரெண்டு வாய் ஜின் குடிச்சுட்டுப் படுத்துக்க.”

சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவள் ஒரு பிணத்தையும் தொடவில்லை. குழிவெட்டியின் பெண்டாட்டிதான் போனாள். பிணத்தின் கண்மேல் வைத்த பென்னிக் காசுகள் அவள் பைக்குள் போவதாக ஊரெல்லாம் பேச்சு. முதலில் கெஸையாவைத் திட்டினார்கள், திமிர் என்றார்கள். பிறகு பழகிவிட்டது.

மேற்பார்வைக்கு வரும் மிஸ் ஆல்டஸ் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சைக்கிளில் வருவாள். பையைக் கொட்டிக் கவிழ்த்து, கத்தரிக்கோலை முகர்ந்து, நகங்களைப் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சண்டை.

“அந்த மோதிரத்தக் கழட்டுங்க. அழுக்கு அடியில தங்கும்.”

“கல்யாண மோதிரம்மா. கழட்டுனா புருஷன் செத்துருவான்.”

“இது மூடநம்பிக்கை.”

“உங்களுக்குக் கல்யாணம் ஆகல. அதான் பயமில்ல.”

மிஸ் ஆல்டஸ் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போவாள். மற்றபடி குறை சொல்ல முடியாது. பதிவான பிறகு நூற்றுப் பன்னிரண்டு பிரசவம், ஒரு தாயும் சாகவில்லை.

ஸ்டெனட்டுக்கு வேலிக் கம்பி காலைக் கீறியது. பிப்ரவரி மாதம், சேறு. மூன்றாம் நாள் கால் தொடை வரை சிவந்து வீங்கி, பளபளவென்று ஆகி, பிறகு நீர் கோத்து உடைந்தது. வீடு முழுக்க நாற்றம். செவ்வாய் காலை ஏழு மணிக்கு அடங்கினார். குழிவெட்டியின் பெண்டாட்டி வாசலுக்கு வந்ததும் எஜமானி அவளை முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பினாள்.

“டவுஸைக் கூட்டிட்டு வா.”

“அவங்க வர மாட்டாங்கம்மா. சட்டம்.”

“அவ இருக்குற வீடு யாரோடதுன்னு கேட்டுட்டு வா.”

அந்த வீடு பண்ணைக்குச் சொந்தம். ஜேபெஸ் பண்ணையில் வேலை செய்த காலத்தில் கொடுத்தது. வேலை போன பிறகும் விட்டு வைத்திருந்தார் கிழவர். நான் போய் எஜமானி சொன்னதை அப்படியே சொன்னேன். ஜேபெஸ் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். கெஸையா மேலங்கியை எடுத்துக்கொண்டாள்.

மாடியறையில் அவள் முதலில் பிணத்தின் பக்கம் போகவில்லை. டாக்டர் பக்கம் போனாள்.

“டாக்டரய்யா, எனக்கு இது கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

அவர் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். “இப்போ யாருக்காவது நாள் நெருங்கியிருக்கா?”

“ஏமஸ் பொண்டாட்டி லெட்டி. பத்து நாள் இருக்கு.”

“பத்து நாள் இருக்கே. அதுக்குள்ள நல்லாக் கழுவிக்கோ.”

“இறந்தவருக்குச் செய்யுறது கருணையான காரியம், டவுஸம்மா” என்றார் பாதிரியார். அவர் மூக்கில் கைக்குட்டை இருந்தது.

அவள் வேலையைத் தொடங்கினாள். நான் தண்ணீர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். தாடையைத் துணியால் கட்டினாள். கண்களில் காசு வைத்தாள். ஊர் வழக்கப்படி நெஞ்சின்மேல் உப்புத் தட்டு. காலைத் துடைத்தபோது தோல் துணியோடு வந்தது. சட்டியில் தண்ணீர் மூன்று முறை மாற்றினேன். எஜமானி ஜன்னலோரம் நின்று, எந்தச் சட்டை போட வேண்டும், எந்தச் சீப்பால் சீவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரும் அறையை விட்டு அசையவில்லை.

கெஸையா கீழே இறங்கி வந்தபோது பின்வாசலில் ஏமஸ் ரே தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். ஓடி வந்திருந்தான்.

“டவுஸம்மா, பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு. லெட்டி கத்துறா.”

கெஸையா தன் கைகளைப் பார்த்தாள். பிறகு நேராகச் சாப்பாட்டு அறை வாசலுக்குப் போய் நின்றாள். உள்ளே எஜமானிக்கு எதிரே உட்கார்ந்து டாக்டர் குளிர்ந்த பன்றிக்கறியை வெட்டிக்கொண்டிருந்தார். நான் கடுகு விழுதுக் கிண்ணத்தோடு அவர் பின்னால் நின்றேன்.

“லெட்டிக்கு வலி வந்துருச்சு. நான் போகக் கூடாதுங்க. நீங்க போங்க.”

“முதல் பிள்ளை. சாயங்காலம் வரைக்கும் இழுக்கும். எனக்கு மூணு எடம் போகணும்.”

“அப்போ ஸ்டோ டவுனுல இருந்து நர்ஸ வரச் சொல்லுங்க.”

“ஒம்பது மைல். ரோட்டுல இடுப்பளவு தண்ணி. ஏன் இப்படி அலட்டுற? உன்கிட்ட கிருமி கொல்ற கார்பாலிக் இருக்கு இல்ல? கழுவிட்டுப் போ.”

“எழுதிக் குடுங்க.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கெல்தார்ப்பில் யாரும் டாக்டரிடம் அப்படிக் கேட்டதில்லை. பிறகு சிரித்தார்.

“எழுதினா உனக்குப் படிக்கத் தெரியுமா?”

“ஹெஸ்டர் படிப்பா.”

“என் வீட்டுல பிணம் கிடக்கு” என்றாள் எஜமானி. “வாசல்ல நின்னு சந்தை வியாபாரம் பேசாத. போன்னா போ.”

அவர் எழுதவில்லை. கடுகு கேட்டார், கொடுத்தேன்.

முற்றத்தில் அடிபம்பை நான் அடித்தேன். அவள் கார்பாலிக் போட்டு முழங்கை வரை தேய்த்தாள். தேய்த்துத் தேய்த்துத் தோல் வெந்த மாதிரிச் சிவந்தது. என் ஏப்ரனைக் கழற்றித் தரச்சொல்லிக் கட்டிக்கொண்டாள். ஏமஸ் வேலிப் பக்கம் நின்று, “சீக்கிரம், சீக்கிரம்” என்றான்.

“மோதிரம்?” என்றேன்.

“அந்தாளு இருமுறதே போதும். நீ வேற.”

போய்விட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. சிக்கல் ஒன்றுமில்லை. ஏமஸ் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். லெட்டிக்கு இருபத்திரண்டு வயது. அவள் பிறந்தபோதும் கெஸையாதான் இந்த ஊரில் கையில் வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை கெஸையா பண்ணை வீட்டுப் பின்வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். கையில் டாக்டரைக் கூப்பிடுவதற்கான அச்சடித்த தாள். விதிப்படி மருத்துவச்சி அதை நிரப்பி அனுப்ப வேண்டும்.

“எழுது. லெட்டி ரே. விடியக்காலையில இருந்து குளிர் நடுக்கம். காய்ச்சல். வயிறு தொட விடல.”

எழுதினேன்.

“கீழ எழுது. செவ்வாக்கிழம இவகிட்ட போறதுக்கு முன்னாடி பிணம் கழுவுனேன்.”

“டவுஸம்மா, இது எதுக்கு? இதை யாரும் கேக்கலையே.”

“டாக்டருக்கு என்னத்த வெச்சு வைத்தியம் பாக்கணும்னு தெரிய வேணாமா? எழுது.”

“அவருக்குத்தான் தெரியுமே. அங்கதானே இருந்தாரு.”

“தாளுக்குத் தெரியாதுல்ல.”

எழுதினேன். அடியில் அவள் ஒரு சிலுவைக் குறி போட்டாள்.

அன்று மாலை எஜமானி கொடுத்த கஞ்சியை ஜேபெஸுக்குக் கொண்டுபோனேன். கெஸையா மேஜைமுன் உட்கார்ந்து விரலில் வாத்துக் கொழுப்பைத் தேய்த்து மோதிரத்தை முறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வருஷ மோதிரம். கணுவில் தோல் கிழிந்த பிறகுதான் வந்தது. விரலில் வெள்ளையாக ஒரு பள்ளம். மோதிரத்தின் உள்பக்கத்தை ஊசியால் சுரண்டி, சுரண்டியதை விளக்கில் காட்டிப் பார்த்தாள்.

“நான் இன்னும் சாகலையே” என்றான் ஜேபெஸ்.

“செத்தா சாவு.”

அவள் அப்படி அவனிடம் பேசி நான் கேட்டதில்லை. அவன் கஞ்சியைக் குடித்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் விசாரணை. மிஸ் ஆல்டஸ் ஆசிரியர் நாற்காலியில் இருந்தாள். மற்றவர்கள் பிள்ளைகளின் பெஞ்சில். வண்டியில் வரும்போது எஜமானி கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள், “நீ அடுப்படியில இருந்த, ஹெஸ்டர்.”

“ஆமாம்மா.”

நான் மிரட்டப்படவில்லை. அடிக்கப்படவில்லை. பதினாலு வருஷமாக அந்த வீட்டில் “ஆமாம்மா” சொல்லி வந்தேன். அதில் இதுவும் ஒன்று. இதற்கு மேல் எனக்குச் சமாதானம் எதுவும் இல்லை.

மிஸ் ஆல்டஸ் கெஸையாவிடம் கேட்டாள். “பிணத்தக் கழுவச் சொன்னது யாரு?”

“எஜமானியம்மா. டாக்டரும் பாதிரியாரும் கூட இருந்தாங்க. லெட்டிகிட்ட போகச் சொன்னது டாக்டர். நான் போகக் கூடாதுன்னேன்.”

“இதுக்கு யாராவது சாட்சி சொல்வாங்களா?”

“அவங்களையே கேளுங்க. இங்கதானே உக்காந்திருக்காங்க.”

எஜமானி முதலில் பேசினாள். முகத்திரையை விலக்கவில்லை. “என் புருஷன் செத்த அதிர்ச்சியில நான் படுத்திருந்தேன். அவளாத்தான் வந்தா. செத்த வீட்டுல துணிமணி கிடைக்கும்னு வர்றது அவங்க வழக்கம்.”

டாக்டர் லாம், தான் காலையிலேயே கிளம்பிவிட்டதாகச் சொன்னார். லெட்டிக்கு வலி வந்தது தனக்கு மறுநாள்தான் தெரியுமாம். பிறகு அந்தத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். “அவளே ஒப்புக்கிட்டிருக்கா. பாருங்க. பிணம் கழுவிட்டு நேரா பிரசவத்துக்குப் போயிருக்கா.”

மிஸ் ஆல்டஸ் அதை இரண்டு முறை படித்தாள்.

பாதிரியார் பெல் தொண்டையைச் செருமினார். “நான் அந்த வீட்டுக்குப் போனது உண்மை. ஆனா ஜெபத்துல இருந்தேன். கண்ண மூடியிருந்தேன்.”

“எவ்வளவு நேரங்க?” என்றாள் கெஸையா. “அரை மணி நேரமா? கருணையான காரியம்னு சொன்னப்பவும் மூடித்தான் இருந்தீங்களா?”

பின்பெஞ்சில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

“நீங்க பேசக் கூடாது” என்றாள் மிஸ் ஆல்டஸ். ஆனால் பாதிரியாரை ஒரு முறை பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்திருந்தது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டாள் என்று நினைக்கிறேன். அவளுடைய சாட்சிப் பட்டியலில் என் பெயர் இல்லை.

“இந்தத் தாள எழுதினது யாரு?”

“நான்தாம்மா.”

“அவங்க சொல்லச் சொல்லவா?”

“ஆமாம்மா.”

“செவ்வாக்கிழம நீங்க அந்த வீட்டுல இருந்தீங்க. மாடியறையில யாரு யாரு இருந்தாங்க? யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல.”

அவள் உண்மையிலேயே காத்திருந்தாள். பேனாவைக்கூடக் கீழே வைத்துவிட்டாள். ஆறு பெயர்கள். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. எஜமானி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“எனக்குத் தெரியாதும்மா. நான் அடுப்படியில இருந்தேன்.”

கெஸையா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பானையில் தண்ணீர் கொதித்துவிட்டதா என்று பார்ப்பது போல.

“அப்போ அந்தத் தண்ணிச் சட்டி தானா காத்துல நின்னுச்சு போலருக்கு” என்றாள்.

மிஸ் ஆல்டஸ் பேனாவை எடுத்தாள். லண்டனில் முடிவு சொல்லும்வரை கெஸையா டவுஸ் பிரசவம் பார்க்கக் கூடாது. பையை அங்கேயே திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கத்தரிக்கோல், நூல், நகத்துப் பிரஷ், கார்பாலிக் புட்டி, வெப்பமானி. வெப்பமானி கெஸையா தன் காசில் வாங்கியது. அதைப் பார்க்க அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன், சிவப்புக் கோட்டுக்கு மேலே போனால் டாக்டர் என்று. பை போனது. மறுநாள் எஜமானியிடமிருந்து சீட்டும் போனது. மார்ச் இருபத்தைந்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதையும் நான்தான் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “உனக்குப் படிப்பு நல்லா வருது” என்றாள்.

புதன்கிழமை காலை லெட்டி செத்துப்போனாள். கடைசி இரண்டு நாள் அவள் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையோடு சேர்த்துப் பாலூட்டுகிறாள்.

மறுநாள் எஜமானி கிழிசல் இல்லாத ஒரு பழைய படுக்கை விரிப்பை எடுத்துக் கொடுத்தாள். “ஏமஸ்கிட்ட குடு. சுத்துறதுக்கு. நான் குடுத்தேன்னு சொல்லு.” அது ஸ்டெனட் செத்த படுக்கையில் இருந்ததோடு ஜோடி விரிப்பு. ஓரத்தில் அதே நீலத் தையல்.

நான் போனபோது ஏமஸ் தன் வீட்டு வாசலில் நின்றான். நான்கு நாள் தாடி. தெருவில் எல்லா வீட்டிலும் திரை இழுத்திருந்தது. திரைக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. யாரும் வெளியே வரவில்லை.

“குழிவெட்டி பொண்டாட்டி வர மாட்டேனுட்டா” என்றான் என்னிடம். “ஒட்டிக்குமாம். அவளுக்கு ஒட்டிக்குமாம்! ஜின்னுல ஊறுன ஒடம்பு. எங்கக்கா வர மாட்டேனுட்டா. வயித்துல பிள்ள இருக்காம். ஒருத்தரும் வரல. ராத்திரி பூரா நாந்தான் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

பிப்ரவரியில் ஈ கிடையாது.

“அவளக் கூப்பிட்டு அனுப்பியிருக்கேன்” என்றான்.

கெஸையா தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். பை இல்லாமல் அவள் நடப்பதை நான் பார்த்ததில்லை. கைகள் எங்கே இருக்க வேண்டும் என்று தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தன. திரைகள் ஒவ்வொன்றாக அசைந்தன. அவள் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. வாசலுக்கு வந்து நின்றாள்.

அவன் அவளை உட்காரச் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை.

“உங்களுக்கு இப்போ தடை இல்லியே?” என்றான். “பிணத்தத் தொடக் கூடாதுன்னு சட்டம் மருத்துவச்சிக்குத்தானே.”

“ஆமாப்பா. இப்போ எனக்கு எந்தத் தடையும் இல்ல.”

“அப்போ செய்யுங்க.”

“செய்யுறேன்.”

“முகத்த நல்லாத் தொடைங்க. பாத்துத் தொடைங்க.”

“செய்யுறேன், ஏமஸ்.”

அவள் மேலங்கியைக் கழற்றிக் கதவருகே ஆணியில் மாட்டினாள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள். மோதிரம் இருந்த இடத்தில் வெள்ளைப் பள்ளம் இன்னும் இருந்தது, கணுவில் கிழிந்த தோல் கறுத்துப் பொருக்காகியிருந்தது. ஜேபெஸ் நன்றாகத்தான் இருக்கிறான், காலையில் முற்றத்தில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தான்.

நான் விரிப்பை நீட்டினேன். அவள் ஓரத்து நீலத் தையலைப் பார்த்தாள். இரண்டு விரலால் தொட்டாள். வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். உள்ளே அடுப்புமேல் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மண்சட்டி.

“நான் சட்டி பிடிக்கட்டுமா?” என்றேன்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. ஏமஸ்கூட என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“வேணாம்” என்றாள் கெஸையா. “நீ அடுப்படியில இரு, ஹெஸ்டர்.”

குனிந்து வாசல் நிலையைத் தாண்டி உள்ளே போனாள். இருட்டில் கட்டிலின் கால் தெரிந்தது. லெட்டியின் கால் தெரிந்தது. கெஸையா சட்டியை எடுத்துக் கட்டிலருகே வைக்கும் சத்தம் கேட்டது.

ஏமஸ் கதவைப் பிடித்துக்கொண்டான். “முடிஞ்சதும் தட்டுங்க. அதுக்கு முன்னாடி தட்டாதீங்க” என்றான். கதவை இழுத்துச் சாத்தினான். சாவியை வெளியிலிருந்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.